பழைய போர்டில் புதிய பிராசசர்: பில்லில் எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதிலிருந்து ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஜெராக்ஸ் கடை, இ-சேவை மையம், தேயிலைத் தொழிற்சாலையின் இலைக் கணக்கு அறை என்று எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: "நம்ம சிஸ்டத்துல விண்டோஸ் 11 ஏறுமா?" 2016 முதல் 2018 வரை வாங்கிய அசெம்பிள்டு செட்டுகளில் பலவற்றுக்குள் இருப்பது எச்110 என்ற வகை மதர்போர்டும் இன்டெல் ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறைப் பிராசசரும். விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலோ, ஒருசில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது.

கேட்பவருக்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, "செட்டையே மாத்திடுங்க." இன்னொன்று, "போர்டை மாத்தாமலே எட்டாம் தலைமுறை போட்டுத் தர்றோம்." இரண்டாவது பொய் அல்ல, செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அதில் என்ன செய்யப்படுகிறது, எது கைவிட்டுப் போகிறது என்பதை வாடிக்கையாளரிடம் யாரும் சொல்வதில்லை. மலையில் கணினி பழுது பார்க்கும் நாங்கள் அதை எழுதுவது அந்த வேலையைத் தடுப்பதற்காக அல்ல. செய்வதைத் தெரிந்து செய்யட்டும், செய்ததைப் பில்லில் எழுதித் தரட்டும் என்பதற்காகத்தான்.

முதலில், இது ஏன் முடிகிறது? 2015 ஆகஸ்டில் வந்த ஆறாம் தலைமுறை, 2017 ஜனவரியில் வந்த ஏழாம் தலைமுறை, 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை, அடுத்த ஆண்டு வந்த ஒன்பதாம் தலைமுறை எல்லாமே போர்டில் எல்ஜிஏ 1151 என்ற ஒரே அளவுச் சாக்கெட்டில், அதாவது பிராசசரைப் பொருத்தும் இடத்தில், உட்காருபவை. பிராசசர் சில்லின் ஓரக் காடிகூட மாறவில்லை. ஆனாலும் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைப் போர்டு வேண்டும் என்று இன்டெல் சொல்லிவிட்டது. கூடுதல் கோர்களுக்கு (சில்லுக்குள் கணக்குப் போடும் அலகுகளுக்கு) கூடுதல் மின்சாரம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். சில்லின் அடியில் மின்சாரம் ஏறும் தொடுபுள்ளிகள், அதாவது பேடுகள், 128-லிருந்து 146 ஆனது உண்மை. முன்பு சும்மா விடப்பட்டிருந்த பேடுகளில் சில இப்போது வேலைக்கு வந்துவிட்டன. அதேசமயம், அந்தத் தலைமுறையோடு முதலில் வந்த இசட்370 சிப்செட் (போர்டின் துணைச் சில்லு), அதற்கு முந்தைய இசட்270-இன் அதே 22 நானோமீட்டர் குடும்பம். ஆகவே தடை சிப்செட்டில் இல்லை. பயாஸில் (கணினியை முதலில் கிளப்பும் மென்பொருளில்) பாதி, பேடுகளின் ஒதுக்கீட்டில் பாதி என்று இருக்கிறது. இரண்டையும் கையால் மாற்ற முடியும் என்பதுதான் இந்தத் தொழிலே.

பயாஸ் வேலையிலிருந்து தொடங்குவோம். சில்லை அடையாளம் காணவும் அதன் பிழைகளைத் திருத்தவும் மைக்ரோகோடு என்ற சிறு கோப்பு பயாஸுக்குள் இருக்க வேண்டும். ஐ3-8100, ஐ3-9100 போன்ற நான்கு கோர் சில்லுகளின் அடையாள எண் 906இபி. ஐ5-8400, ஐ7-8700 ஆகியவற்றுக்கு 906இஏ. ஒன்பதாம் தலைமுறையில் 906இசி, 906இடி என்றும் வரும். ஐ5-9400எஃப் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டெப்பிங்கில் (சில்லின் திருத்தப் பதிப்பில்) விற்கப்பட்டிருப்பதால் பெயரை மட்டும் பார்த்துக் கோப்பைச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு மைக்ரோகோடும் ஏறத்தாழ 100 கேபி. போர்டின் பயாஸ் சில்லு 8 அல்லது 16 எம்பிதான், அதிலும் மைக்ரோகோடுக்கென்று ஒதுக்கிய இடம் குறுகலானது. இடம் போதவில்லை என்று பழைய சில்லின் மைக்ரோகோடையும் அழித்துவிடுபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஆறாம் தலைமுறைக்கு 506இ3, ஏழாம் தலைமுறைக்கு 906இ9: வாடிக்கையாளரின் பழைய பிராசசர் எதுவோ அதற்கு உரியது உள்ளேயே இருக்கட்டும். புதிய சில்லு கிளம்ப மறுத்தால் பழையதைப் போட்டுப் பார்க்க அதுதான் வழி. கடைகளுக்கே போகாத சோதனைச் சில்லுகளின் மைக்ரோகோடு பல பயாஸ்களில் இடத்தை அடைத்துக் கிடக்கும். எடுப்பதானால் அதை எடுக்கலாம்.

போர்டிலேயே டிஸ்பிளே எடுப்பவர்களுக்கு, உள்ளமை கிராபிக்ஸுக்கான வீடியோ பயாஸ், ஜிஓபி டிரைவர் என்ற, திரையைக் கிளப்பும் சிறு நிரல்களையும் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் சிஸ்டம் உயிரோடு இருக்கும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். கிராபிக்ஸ் கார்டு போடும் நீளச் சிலாட்டுக்கும் தனித் திருத்தம் இருக்கிறது. இவை அனைத்தையும் ஒரே இடத்தில் செய்து தரும் காஃபிடைம் என்ற கருவி இருப்பதால் வேலை எளிதாகிவிட்டது. எளிதானதுதான் சிக்கலும்கூட. எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமலேயே எல்லாவற்றையும் டிக் அடித்துக் கோப்பை உருவாக்குகிறார்கள்.

அப்படி அடிக்கும் டிக்குகளில் ஒன்று விண்டோஸ் 11-க்காக வந்தவரின் காலையே வாரிவிடும். இன்டெல் போர்டுகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின், சுருக்கமாக எம்இ என்ற பகுதியின் மென்பொருள் பயாஸ் சில்லிலேயே குடியிருக்கிறது. மாற்றிய பயாஸ்களில் இதைப் பெரும்பாலும் சுருக்கியோ முடக்கியோ விடுகிறார்கள். சிஸ்டம் ஓடும், குறை எதுவும் தெரியாது. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியை இந்தப் போர்டுகளில் தருவது பிடிடி என்ற வசதி, அது எம்இ-க்குள்தான் ஓடுகிறது. எம்இ போனால் பிடிடி-யும் போயிற்று. எட்டாம் தலைமுறைக்குக் காசு கொடுத்து, கோர் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்து, கடைசியில் "டிபிஎம் இல்லை" என்ற வரியில் வந்து நிற்பார்கள். போர்டில் டிபிஎம் என்று அச்சிட்ட பின் வரிசை இருந்தால் தனி மாட்யூல் வாங்கிச் செருகலாம். 14 பின்னா 20 பின்னா என்பது போர்டுக்குப் போர்டு மாறும், ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது. அந்தப் பின் வரிசையே இல்லாத மலிவுப் போர்டுகளும் உண்டு. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது பிராசசரின் விலையை அல்ல, போர்டில் டிபிஎம் பின் இருக்கிறதா என்பதை.

இனி, மாற்றிய கோப்பை ஏற்றுவது. இதை வெளியிலிருந்து புரோகிராமர் என்ற கருவியை வைத்து எழுதுவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கு மலைக்கே உரிய காரணமும் இருக்கிறது. ஜூன் பிறந்தால் எந்த வளைவில் எந்தக் கற்பூர மரம் கம்பி மேல் சாயும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. பயாஸ் திரைக்குள்ளிருந்து அப்டேட் ஓடும்போது நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்தது. 600 விஏ யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள், அதற்குள் இருக்கும் 7 ஆம்பியர் பேட்டரி எத்தனை வருடத்துப் பழசு என்று பார்த்திருக்க மாட்டார்கள். புரோகிராமர் முறையில் போர்டுக்கு மின்சாரமே தேவையில்லை. பேட்டரியில் ஓடும் லேப்டாப், சிஎச்341ஏ என்ற சின்ன யூஎஸ்பி புரோகிராமர், எட்டுக் கால் கிளிப் இவ்வளவு போதும்.

ஆனால் அந்தச் சிஎச்341ஏ-யிலும் ஒரு பொறி உண்டு. இந்தப் போர்டுகளின் பயாஸ் சில்லு 3.3 வோல்ட். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிறச் சிஎச்341ஏ-க்களில் பலவற்றில் மின்காலில் 3.3 வோல்ட் வந்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. பல சில்லுகள் தாங்கிக்கொள்ளும், சில தாங்காது. மல்டிமீட்டரை வைத்து ஒருமுறை அளந்துவிட்டு, திருத்திய புரோகிராமரையோ வோல்டேஜ் மாற்றும் வசதி உள்ளதையோ பயன்படுத்துங்கள்.

எழுதும் முன் படிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) வயரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், காசு பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமுள்ள மின்சாரத்தை வடியவிடுங்கள். கிளிப்பின் சிவப்பு வயர் பயாஸ் சில்லின் புள்ளியிட்ட முதல் காலில் வர வேண்டும். பயாஸைப் படித்துச் சேமியுங்கள். கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டி இன்னொரு முறை படியுங்கள். இரண்டு கோப்புகளும் ஒரு பைட் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளிப் சரியாகக் கடிக்கவில்லை. குன்னூர், தேவாலா ஈரத்தில் பல வருடம் இருந்த சில்லின் கால்களில் மங்கல் படிந்திருக்கும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்த்தால் தீரும். அப்படியும் படிக்காவிட்டால், கிளிப் தரும் சொற்ப மின்சாரத்தை போர்டின் மற்ற பாகங்கள் குடிக்கின்றன என்று பொருள். அப்போது சில்லைச் சூடுகாட்டி எடுத்துத்தான் எழுத வேண்டும். சில போர்டுகளில் சில்லு சாக்கெட்டில் செருகியே இருக்கும், அவர்கள் பாக்கியசாலிகள்.

இந்த முதல் கோப்பு போர்டின் ஜாதகம். அதில் சீரியல் எண், யூயூஐடி என்ற தனி அடையாள எண், பல போர்டுகளில் நெட்வொர்க்கில் அதன் அடையாளமான லேன் மேக் முகவரியும் இருக்கும். சோம்பல்பட்டு, அதே மாடல் வேறு போர்டிலிருந்து எடுத்த மாற்றிய கோப்பை அப்படியே ஏற்றுகிறார்கள். ஒரே அலுவலகத்தில் இரண்டு சிஸ்டத்துக்கு அதே கோப்பு ஏறினால் இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி வந்து சேரலாம். பிறகு பிரிண்டர் வருகிறது, போகிறது, நெட் விட்டுவிட்டு வருகிறது என்று சுவிட்சையும் கேபிளையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்றத்தை அந்தந்தப் போர்டிலிருந்து படித்த கோப்பின் மேல்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது பேடுகள். நான்கு கோர் சில்லுகள் பல போர்டுகளில் பயாஸ் மாற்றத்தோடு மட்டுமே கிளம்பிவிடும். ஆறு கோர், எட்டு கோர் என்றால் சில்லின் அடியில் சில பேடுகளை மூடவும் சிலவற்றை இணைக்கவும் வேண்டும். மூடுவது எதற்கென்றால், பழைய போர்டில் வேறு வேலைக்கு விடப்பட்ட பின் மேல் புதிய சில்லின் மின்சாரப் பேடு வந்து உட்காரக் கூடாது. இணைப்பதில் ஒன்று 'சாக்கெட்டில் ஆள் இருக்கிறது' என்று போர்டுக்குச் சொல்லும் பேடு. சில்லுக்குள் அது கிரவுண்டோடு சேர்ந்திருக்கும். புதிய சில்லில் அதன் இடம் மாறிவிட்டதால் சில போர்டுகள் சாக்கெட் காலி என்று நினைத்து விசிறியைக்கூடச் சுற்றவிடாது.

எந்தப் பேடு என்பது சில்லின் ஸ்டெப்பிங்கையும் போர்டையும் பொறுத்தது. அந்தச் சேர்க்கைக்கான படத்தை அருகில் வைத்து, முக்கோணக் குறியிட்ட மூலையிலிருந்து வரிசையை இரண்டு முறை எண்ணுங்கள். பேடுக்குப் பேடு இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மூடுவதற்கு மொபைல் சர்வீஸ் கடையில் கிடைக்கும் மஞ்சள் ஹீட் டேப்பே சரி, சாதாரணச் செல்லோ டேப்பின் பசை சூட்டில் இளகி நகரும். இணைப்பதற்குச் சிலர் பென்சில் கரியைத் தேய்க்கிறார்கள். அது சமவெளியில் எப்படியோ, இங்கே மூடுபனி உள்ளே வரும் அறையில் நிலைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடத்தும் வெள்ளி மையை ஊசி முனையால் வைத்து, குளிரில் காய நேரமாகும் என்பதால் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஒட்டும் முன் சில்லை ஆல்கஹாலில் துடைத்து அறைச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வெளியே பனியில் இருந்து வந்த பார்சலை உடனே பிரித்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல்தான் டேப் உட்காரும். மழைக்காலத்தில் ஈரம் எதிரி என்றால், காற்று வறண்ட ஜனவரிப் பனிக்காலத்தில் ஸ்டேட்டிக் மின்சாரம் எதிரி. கம்பளி ஸ்வெட்டரோடு போர்டின் முன் உட்காராதீர்கள்.

இவ்வளவும் செய்து பட்டனைத் தட்டினால் வரக்கூடிய கோளாறுகள் அறிகுறியிலேயே காரணத்தைச் சொல்லிவிடும். விசிறி அசையவே இல்லை என்றால் மேலே சொன்ன 'ஆள் இருக்கிறது' பேடு. விசிறி ஒரு விநாடி சுற்றி நின்று மறுபடி சுற்றினால் மைக்ரோகோடு சேரவில்லை, அல்லது எம்இ ஒத்துவரவில்லை, அல்லது டேப் தவறான பேடில். தொடர்ந்து சுற்றியும் டிஸ்பிளே இல்லையென்றால் ஒரு கிராபிக்ஸ் கார்டை மாட்டிப் பாருங்கள், படம் வந்தால் வீடியோ பயாஸ்தான் பாக்கி. பெயரின் கடைசியில் எஃப் உள்ள சில்லுகளில் உள்ளமை கிராபிக்ஸே கிடையாது. ஐ3-9100எஃப் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, போர்டின் விஜிஏ-வில் மானிட்டரைச் செருகிக் காத்திருப்பதில் பலனில்லை. இரண்டு ரேமில் ஒன்றுதான் தெரிகிறது என்றால் பயாஸைத் திட்டாமல் சாக்கெட்டைப் பாருங்கள், ஒரு பின் வளைந்திருக்கும் அல்லது தெர்மல் பேஸ்ட் வழிந்திருக்கும்.

சிஸ்டம் கிளம்பிவிட்டால் எல்லோரும் டாஸ்க் மேனேஜரில் ஆறு கோரைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மின்சாரத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஐ5-8400-இன் பெட்டியில் 65 வாட் என்றுதான் இருக்கும், டர்போவில் அதற்கு மேலும் போகும். எச்110 போர்டுகளில் பிராசசருக்கு மின்சாரம் தரும் மாஸ்பெட்களின் மேல் அலுமினியக் கவசம்கூட இருக்காது. உங்கள் போர்டின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் 91 வாட் ஐ7-7700கே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலை குறைவு. 65 வாட்டோடு பட்டியல் நின்றால், பயாஸிலோ விண்டோஸிலோ நீண்டநேர, குறுகியநேர மின்வரம்பு இரண்டையும் 65 வாட்டில் கட்டிவிடுங்கள். டேலியும் பிரவுசரும் ஓடும் கணினியில் அந்த வித்தியாசத்தை யாரும் உணரப் போவதில்லை. 95 வாட் ஐ9-9900கே-யை எச்110-இல் ஓட்டிக் காட்டுவது வித்தை. வித்தைக்கு விலை சொல்லி விற்கக் கூடாது.

ஊட்டிக் குளிருக்கு விசிறியே வேண்டாம் என்று ஒரு பேச்சு உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது, அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு குறைவு. குளிர் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஆகவே பெட்டியோடு வந்த விசிறி போதும், ஆனால் அதைச் சுத்தம் செய்யாமல் விட உயரம் ஒரு சாக்கு ஆகாது.

விண்டோஸ் 11 ஏற்றும்போது இன்னும் இரண்டு இடத்தில் தடுக்கும். அந்தக் காலத்து செட்டுகள் பலவற்றில் விண்டோஸ் லெகசி என்ற பழைய முறையில், எம்பிஆர் என்ற பழைய அமைப்புள்ள டிஸ்க்கில் நிறுவப்பட்டிருக்கும். முதலில் டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் புதிய ஜிபிடி அமைப்புக்கு மாற்றி, பயாஸில் அந்தப் பழைய முறைக்கான சிஎஸ்எம்மை அணைக்க வேண்டும். புது பயாஸ் எழுதியதும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிக்கான சாவிகள் காலியாக இருக்கலாம், 'டிஃபால்ட் சாவிகளை நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும்.

பிராண்டட் கம்பெனி செட்டுகளை, அலுவலகங்களில் ஓட்டிக் கழித்து ரீஃபர்பிஷ்டு என்று விற்பவற்றை, இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் பூட் கார்டு என்ற பூட்டு சிப்செட்டிலேயே நிரந்தரமாக எரிக்கப்பட்டிருக்கும். பயாஸில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கிளம்பாது.

ஏஎம்டி கம்பெனிப் பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. 2017-இன் ஏ320, பி350 போர்டுகளில் 2020 நவம்பரில் வந்த ரைசன் 5000 ஓடாது என்றுதான் முதலில் சொன்னார்கள். 16 எம்பி பயாஸில் எல்லாச் சில்லுகளுக்கும் இடமில்லை என்பதும் ஒரு காரணம். 2022-இல் மனம் மாறி அனுமதித்துவிட்டார்கள். ரைசன் 1000 வரிசையும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதை வைத்திருப்பவர் போர்டு கம்பெனியின் பக்கத்தில் தன் மாடலுக்கு ரைசன் 5000-ஐ ஏற்கும் பயாஸ் வந்திருக்கிறதா என்று பார்த்து, பழைய சில்லு சாக்கெட்டில் இருக்கும்போதே ஏற்றிவிட்டு, பிறகு ரைசன் 5 5600-ஐப் போடலாம். டேப் இல்லை, கிளிப் இல்லை, டிபிஎம்மும் போகாது. வரிசையை மாற்றிச் செய்தால்தான் ஆபத்து. இன்னும் பழைய இன்டெல் எச்61 போர்டில் மூன்றாம் தலைமுறை போடுவதற்கும் இதே வரிசைதான்: இரண்டாம் தலைமுறைச் சில்லு உள்ளே இருக்கும்போதே பயாஸ், பிறகு மாற்றம். கியூ65, கியூ67, பி65 போர்டுகளை இன்டெல் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. எப்படியும் மூன்றாம் தலைமுறை விண்டோஸ் 11-க்கு உதவாது, வேகத்துக்கு மட்டும்தான்.

வேகம்தான் வேண்டும் என்று வருபவர்களில் பலருக்குப் பிராசசரே தேவையில்லை. ஐ3-6100-இல் இன்னும் ஹார்ட் டிஸ்க் ஓடுகிறதென்றால் ஒரு எஸ்எஸ்டி-யும் 8 ஜிபி ரேமும் போடுங்கள், அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். ஏழாம் தலைமுறை ஐ7-7700 அதே போர்டில் எந்த வித்தையும் இல்லாமல் உட்காரும். ஆனால் அந்தப் போர்டுக்கான உச்ச வரிசைச் சில்லு என்பதால் செகண்ட்ஹேண்டிலும் விலை இறங்குவதில்லை, விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இல்லை. எட்டாம் தலைமுறையை நோக்கி எல்லோரும் திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

கடைக்காரர்களிடம் நாங்கள் கேட்பது சிறிய விஷயம். பில்லில் 'பிராசசர் மாற்றம்' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். போர்டு மாடல், புதிய சில்லின் பெயரும் ஸ்டெப்பிங்கும், எந்தெந்தப் பேடு மூடப்பட்டது, எம்இ முடக்கப்பட்டதா, டிபிஎம் எங்கிருந்து வருகிறது, மின்வரம்பு எவ்வளவு என்று எழுதுங்கள். மாற்றும் முன் படித்த முதல் பயாஸ் கோப்பை ஒரு பென்டிரைவில் வாடிக்கையாளரிடம் கொடுங்கள். பழைய பிராசசரை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளாமல் அதன் பிளாஸ்டிக் உறையிலேயே திருப்பித் தாருங்கள். மலைப்பாதையில் மண் சரிந்து கோவையிலிருந்து பார்சல் வராத வாரத்தில் போர்டு மக்கர் செய்தால் அந்தப் பழைய சில்லும் அந்தக் கோப்பும்தான் கைகொடுக்கும். கேபினட்டின் உட்பக்கத்தில், எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கீழே, பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: "மாற்றிய பயாஸ். அப்டேட் செய்யாதீர்." அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் வேறு ஊர்க்காரராக இருக்கலாம். கம்பெனி பயாஸைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நல்லெண்ணத்தோடுதான் அவர் பென்டிரைவைச் செருகுவார்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்போர் சிலர்,
குன்னூர், கோத்தகிரி
நீலகிரி மாவட்டம்